ஐரிஸுக்கு அணைத்த மண்

கொளஞ்சிநாதன் பிழைப்பது விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில். பிறந்தது பெண்ணாடத்துக் கரும்புக்காரர் வீட்டில். செடி என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அதன் காலடியில் மண் அணைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. கனிமொழி சிஸ்டர் கோத்தகிரியிலிருந்து அனுப்பிய நீலப்பூ ஐரிஸ் கிழங்குக்கும் அப்படித்தான் அணைத்தான், கழுத்துவரை.

அது லேசுப்பட்ட கிழங்கா? பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் மனைவி அன்புக்கரசி கண் செருகிக் கிடந்தபோது, டாக்டர் வரும்வரை அடிவயிற்றை விடாமல் அமுக்கிப் பிடித்து உயிரைக் காத்த நர்ஸ் அந்த சிஸ்டர். பிறகு சொந்த ஊரான கோத்தகிரிக்கே மாற்றலாகிப் போய்விட்டார். மகளின் காதுகுத்துக்கு அழைத்தபோது, "வரேன். அந்தச் செடியையும் பாக்கணும்" என்றார்.

காதுகுத்து நெருங்குகிற நேரம் பார்த்து இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. ஒரு மட்டையைப் பிடித்து இழுத்தான். நாற்றத்தோடு கையில் வந்தது.

"அவங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?" என்றாள் அன்புக்கரசி.

தோண்டினான். மண்ணுக்குள் இருந்த பக்கம் கூழ். கோழி கிளறி வெயிலில் விட்டிருந்த பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. அந்தக் கோழியைத்தான் தினமும் விரட்டிக்கொண்டிருந்தான் இந்த மகராசன்.

"கோழிக்கு இருக்குற அறிவு ஒங்களுக்கு இல்லயே!"

வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலை வெட்டினான். வெட்டுக்கு வெட்டு கத்தியைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவினான். புள்ளி விழுந்த இலைகளை நறுக்கி எரித்தான். மிஞ்சிய துண்டைக் காயவைத்து, அடியில் பீங்கான் உடைசலும் மணலும் போட்டு, கிழங்கின் முதுகு வெளியே தெரிய நட்டான். மண் அணைக்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டான்.

சிஸ்டர் வந்தார். பூ இல்லை, இரண்டு குருத்துதான்.

"மண்ண அணைச்சே அழுக வுட்டுட்டேன் சிஸ்டர். இவ்ளோதான் மிச்சம்."

சிஸ்டர் செடிக்கு முன்னால் குந்திவிட்டார். "இந்த மழையில அங்க எல்லாமே அழுகிப்போச்சுங்க. எங்கம்மா வச்சது. இங்க ஒரு துண்டாவது இருக்காதான்னுதான் வந்தேன்."

இவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று மகள் பிறந்ததிலிருந்து தவித்தவன் கொளஞ்சிநாதன். கத்தியைக் கழுவி, பெரிய குருத்துள்ள பக்கத்தை வெட்டி நீட்டினான்.

"ரொம்ப நன்றிங்க" என்று சிஸ்டர் கைகூப்பினார்.

"நீங்க போயி எனக்கு நன்றி சொல்றதா சிஸ்டர்?" என்றான்.