மஞ்சள் சேலையில் முதல் எழுத்து

சௌந்தரத்தின் கணவர் கடைசியாக வீட்டில் செய்த வேலை, நான்கு வயது மகன் கதிருக்கு மஞ்சள் சேலை கட்டிப் பார்த்ததுதான். வங்காளத்தில், பெஹாலாவில் அவன் போகும் நர்சரியில், சரஸ்வதி பூஜையன்று குழந்தைகள் பலப்பம் பிடித்து முதல் எழுத்து எழுதுவார்கள்; பெண் குழந்தைகள் மஞ்சள் சேலையில் வருவார்கள். கதிருக்கும் சேலைதான் வேண்டும்.

"பையனைப் பார்த்துச் சிரிப்பாங்க," என்றாள் சௌந்தரம்.

"நான் கட்டுற லட்சணத்துக்குச் சிரிக்கத்தான் செய்வாங்க," என்று கொசுவத்தைச் செருகிவிட்டு, சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்கு வேலைக்குப் போனார் அவர். அங்கேயே நெஞ்சுவலி வந்து உயிர் போய்விட்டது.

கதிருக்கு மொட்டையடித்துக் கொள்ளிச்சட்டியைத் தூக்கவைத்தார்கள். காரியம் முடிந்த மறுவாரம் பூஜை வந்தது. அவன் சேலையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"கொள்ளி வச்ச ஆம்பளப் பிள்ளைக்குச் சேலையா அக்கா?" என்றான் தம்பி மகேஷ்.

"சட்டி தூக்க ஆம்பள வேணும்னீங்க, தூக்கினான். இன்னைக்கு அவன் இஷ்டம்டா," என்று சௌந்தரமே கட்டிவிட்டாள்.

நர்சரியில் பிள்ளைகள் சிரித்தது மொட்டைத் தலையைப் பார்த்துத்தான். சேலையை யாரும் கண்டுகொள்ளவில்லை. புரோகிதர்தான் பலப்பத்தைக் கொடுக்காமல் நிறுத்தினார்.

"இது பையனா, பெண்ணா?"



"எங்க கதிர், டாகுர்மஷாய். எழுத வந்திருக்கு," என்று புரோகிதரிடம் சொல்லி அவனை மடியில் இருத்திக்கொண்டாள் வகுப்பு டீச்சர் கீதாஞ்சலி மிஸ்.

 புரோகிதர் பலப்பத்தை அவன் கையில் வைத்து, மற்றக் குழந்தைகளிடம் கேட்டதுபோலவே அப்பா பெயர் கேட்டார்.

"ஏழுமலை," என்றான் கதிர்.

வங்காளி நாக்குக்கு வசப்படாத அந்தப் பெயரை அவர் சொல்லிப் பார்த்தார். தப்பாக வந்தது; கதிர் திருத்தினான். அப்பா பெயர் ஏழுமலைதான்.