டாக்டரம்மா நீட்டிய தாள்

1

இந்தக் காலத்தில் மனுசன் சிரிப்பது போனுக்கு மட்டும்தான். பஸ்ஸில் ஒருத்தன் ரெண்டு மணி நேரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருவான். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டான். போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தானோ இல்லையோ, முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்துவிடும். படம் எடுத்து முடிந்ததும் பல் உள்ளே போய்விடும். இதற்குப் பேர் சிரிப்பாம்.

என்னிடம் முப்பத்திரண்டு இல்லை. பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதையும் ஒரு பல் டாக்டர் பிள்ளை படம் எடுத்தாள், நான் சிரிக்காமலே. உதட்டை ரெண்டு பக்கமும் கொக்கி போட்டு இழுத்துவைத்து எடுத்தாள். இந்தக் கதை அங்கேயிருந்துதான் வந்தது. வேறு எங்கேயிருந்தும் வரவில்லை. கனவில் யாரும் வந்து எழுதச் சொல்லவில்லை.

கதையில் செல்லசாமி என்று ஒருத்தன் வருவான். அது நான்தான். சொந்தப் பேரைப் போட்டால் எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு மாசத்துக்குக் கேலி பேசுவார்கள். டாக்டர் பிள்ளையின் பேரையும் மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பேரே வைக்கவில்லை. மலை இறங்கிப் போனால் வரும் பெரிய ஆஸ்பத்திரி, அது போதும்.

2

தொடங்குவதுதான் பெரிய பாடு. மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

பனி மூடிய மலைகளின் நடுவே, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல— வேண்டாம். இது ஓட்டலில் தங்கிப் போகிறவன் எழுதுவது.

பிரியந்தினிக்குச் சின்ன வயதிலிருந்தே ஈறு வைத்தியம் படிக்க வேண்டும் என்று ஆசை— பொய். அப்படி ஆசைப்பட்ட பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

செல்லசாமியின் கடைவாய்ப் பல் ரொட்டியோடு வந்துவிட்டது.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

செல்லசாமியின் கடைவாய்ப் பல் ரொட்டியோடு வந்துவிட்டது. வலியே இல்லை. அவன் அதைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் சம்சாரம் நாகலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, மாவுல கல்லு கெடந்துச்சா?"

"கல்லு இல்லடி. நாந்தான்."

"சும்மாவா சொன்னேன், அந்த வெத்தலய விடுங்கன்னு! மத்ததாவது வாய்க்குள்ள இருக்கட்டும், போய்க் காட்டுங்க."

அக்கரப்பத்தனையிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே துண்டு எழுதிக் கொடுத்து மலைக்குக் கீழே அனுப்பினார்கள். நாம் ஈறு என்கிறோம், அந்தக் கதவுப் பலகையில் முரசு நோய்ப் பிரிவு என்று எழுதியிருந்தது. முரசு என்றால் அவனுக்குத் தப்பு மாதிரி அடிக்கிற கொட்டு. வாயில் என்னத்தை அடிக்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனான்.

3

டாக்டர் பிரியந்தினி கொட்டகலைப் பிள்ளை. பஜாரில் அவள் அப்பாவுக்குச் சில்லறைக் கடை. நம்ம பேச்சுப் பேசினாள். அதனாலேயே செல்லசாமிக்குச் சந்தேகம் வந்தது. நம்ம பேச்சுப் பேசிக்கொண்டு வருகிறவன்தான் கடைசியில் நம்மை ஏமாற்றுவான். லயத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்து, வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் நம்ம பேச்சுத்தான் பேசினார்கள்.

"டாக்டரம்மா படிச்சு முடிச்சாச்சா, இன்னும் படிக்கிறீங்களா?"

"பல் டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டேன் ஐயா. இது அதுக்கு மேல. ஈறுக்குன்னு தனியா விசேட படிப்பு."

"அதுல என்னா தனியா? பல்லப் புடுங்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

"புடுங்கத் தெரியும் ஐயா. புடுங்காம விடத்தான் இப்பப் படிக்கிறேன்."

நாற்காலியைச் சாய்த்தாள். கண்ணில் வெளிச்சம் படாமல் பச்சைத் துணி போட்டாள். ஈறு விறைக்க ஒரு ஊசி போட்டாள். மெல்லிய ஊசி மாதிரி ஒரு அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, பக்கத்தில் இருந்த நர்ஸ் மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னாள். ஹய. ஹத. பஹ. ஆறு, ஏழு, ஐந்து.

துணிக்குள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது. படுத்திருந்த செல்லசாமிக்கு மலை தெரிந்தது. அவன் முப்பது வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டின மலை. ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு பெண்பிள்ளை குனிந்து ஊசி இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே போகிறாள். ஹய. ஹத. பஹ. செடிகள் வாய் திறந்து நிற்கின்றன. ஒரு சத்தமும் இல்லை. பனி மட்டும் வரிசைக்கு வரிசை இறங்கி நடக்கிறது.

* இதை நான் அலங்காரத்துக்கு எழுதவில்லை. விறைக்கிற ஊசி போட்டால் அப்படித்தான் தெரியும். நம்பாதவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

முடிந்ததும் கடுதாசியைக் காட்டினாள். பல்லுப் படம் வரிசையாக அச்சடித்திருந்தது. ஊசி தொட்டதும் எங்கெங்கே இரத்தம் வந்ததோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி. அடை மழையில் அட்டை கடித்த கால் மாதிரி இருந்தது அந்தக் கடுதாசி.

"இந்தச் சிவப்பெல்லாம் போகணும் ஐயா. ஈறுக்குக் கீழ சுத்தம் பண்ணுவேன். நாலு தரம் வரணும். அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சு ஒரு தரம், அளந்து பாக்க. அந்தக் கடைசித் தரந்தான் முக்கியம்."

"யாருக்கு முக்கியம்?"

அவள் கடுதாசியைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். பரீட்சைக்கு உட்கார வேண்டுமானால், அவள் கையால் குணமான ஆள் ஒருத்தரை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எழுதிக் காட்ட வேண்டும். ரெண்டு பேரை எடுத்தாள். ஒருத்தர் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. இன்னொரு அம்மா பாதியில் நின்றுவிட்டது. செல்லசாமி மூன்றாவது. இவனும் நின்றாலோ, கடைசி நாளில் சிவப்புப் புள்ளி அளவுக்கு மேலே இருந்தாலோ, இந்த வருஷம் பரீட்சை இல்லை.

"அப்ப எம் பல்லுக்காக இல்ல. ஒங்க பரீட்சைக்காக."

"ரெண்டுக்குந்தான் ஐயா."

இங்கே எனக்கு ஒரு தடங்கல். கதைக்காரன் என்றால் இந்த இடத்தில் அவள் கண் கலங்க வேண்டும், அவன் மனசு இளக வேண்டும். ரெண்டும் நடக்கவில்லை. அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவன் பஸ் நேரம் கேட்டான். ஆனால் நாலு தரமும் போனான். ஏன் போனான் என்று எனக்கே தெரியாது. 'ரெண்டுக்குந்தான்' என்று மறைக்காமல் சொன்னாளே, அதற்காக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

ஒவ்வொரு தரமும் திரும்பி வரும்போது பாதி முகம் விறைத்திருக்கும். அட்டனில் பஸ் மாறி மேலே ஏறுவான். கண்ணாடிக்கு வெளியே பனி. உள்ளே அவனுக்கு ஒரு பக்கத்து உதடு கிடையாது. அந்தப் பாதியைக் கீழேயே நாற்காலியில் மறந்து விட்டுவிட்டு, மீதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி இருக்கும். வீட்டில் சம்சாரம் தேத்தண்ணி கொடுப்பாள். ஒரு பக்கம் சுடும், மறு பக்கத்துக்கு ஒன்றும் தெரியாது.

"வெத்தலைய விட்டுட்டீங்களா ஐயா?" என்று ஒவ்வொரு தரமும் டாக்டரம்மா கேட்பாள்.

"எப்பவோ விட்டாச்சு."

(பாதிதான் விட்டேன்.)

4

இனிமேல் வருவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கடைசி அளவுக்கு முந்தின நாள் டாக்டரம்மா செல்லசாமிக்குப் போன் பண்ணினாள். நாளைக்கு எனக்குச் சொல்லித் தருகிற பெரிய டாக்டரும் கூட நின்று பார்ப்பார், மறக்காமல் வந்துவிடுங்கள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெரிய டாக்டர் என்றதும் நாகலெட்சுமி பரபரத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துத் தொரை லயம் பார்க்க வருகிறார் என்று தெரிந்தால் முந்தின நாளே திண்ணை இஸ்தோப்பு, சாக்கடைக் கான், கக்கூசு எல்லாவற்றையும் போட்டுத் தேய்ப்போம். தினமும் சுத்தமாக இருக்கிற வீடாக இருந்தாலும் சரி, அன்றைக்குத் தேய்க்க வேண்டும். தேய்த்த தடம் தெரிய வேண்டும். அதுதான் மரியாதை.

"அந்த பிரஷ்ஷ வச்சுக்கிட்டு என்னா தடவிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மறுநாள் விடியுமுன்னே. "பெரிய டாக்டர் பாக்குறாராம், பூன மொகம் கழுவுற மாதிரி..."

அடுப்புக் கரி, உப்பு, கொஞ்சம் செங்கல் தூள். அவள் இடித்துக் கொடுத்தாள், அவன் விரலால் தேய்த்தான். மேலே, கீழே, உள்ளே, வெளியே. எரிந்தது. எரிந்தால்தான் சுத்தம். கொப்பளித்த தண்ணி சிவப்பாகப் போனது. கரியோடு கலந்து போனதால் இருட்டில் அவனுக்கு நிறம் தெரியவில்லை.

* கவ்வாத்துக்காரன் பச்சைப் பட்டையைச் சிராய்க்க மாட்டான். சிராய்த்தால் கொப்பு காய்ந்துவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தேய்த்தேன்.

5

பெரிய டாக்டர் உயரமான மனுசன். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பச்சைத் துணி. ஊசி இறங்கியது.

"தெக," என்றாள் பிரியந்தினி. ரெண்டு. "துன. தெக. தெக." மூன்று, ரெண்டு, ரெண்டு.

ஆறும் ஏழும் போன இடம் தெரியவில்லை. குழி மூடிவிட்டது. 

அப்புறம் பெரிய டாக்டர் குனிந்தார். "லே," என்றார்.

இரத்தம். எல்லா இடத்திலும்.

ஊசி நின்றது.

"ஐயா, காலையில எதுல தேச்சீங்க?"

செல்லசாமி சொன்னான்.

"நான் குடுத்த பிரஷ் என்னாச்சு?"

"அது தெனத்துக்கு டாக்டரம்மா. இன்னைக்குப் பெரிய டாக்டர் பாக்குறாருல்ல."

அவள் சிரித்தாளா, மூச்சு விட்டாளா தெரியவில்லை. துணிக்கு வெளியே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு பெரிய டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள்: ஈறு ஆறிவிட்டது சேர், இது தேய்த்த காயம், ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

"பரீட்சைக்கு எழுதின புத்தகம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமே," என்றார் அவரும் சிங்களத்தில். "ஊசி தொட்டு இரத்தம் வந்தால் சிவப்பு. வராவிட்டால் இல்லை. ஏன் வந்தது என்று தாளில் கேட்கவில்லை. நீ எழுது, நான் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்."

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. மிஸ் தண்ணி எடுக்கப் போனாள். இப்போது அங்கே இருந்தது அவளும், தாளும், துணிக்குள்ளே செல்லசாமியும்.

அவள் கையில் இருந்தது நாலு நிறப் பேனா. அமுக்கினால் நிறம் மாறும். டிக் என்று கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு டிக்.

எந்த நிறம் என்று சத்தத்தில் தெரியாது.

6

இங்கேதான் நான் ஒன்றரை மாசமாக நிற்கிறேன். அவள் மனசுக்குள் போக வேண்டும் என்றால் வழி இல்லை. என் வாய்க்குள் போக அவளுக்கு ஊசியும் வெளிச்சமும் இருந்தது. அவளுக்குள் போக எனக்கு என்ன இருக்கிறது? துணிக்குள்ளே படுத்திருந்தவன்தானே நான்.

ஒரு முடிவு: சிவப்பு வைத்தாள். பத்தொன்பது பல்லைச் சுற்றியும் கண்டபடியே வைத்தாள். ஒரு வருஷம் போனது. இப்படி எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நிம்மதி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

இன்னொன்று: வைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவள் ஆற்றிய ஈறு ஆறித்தான் இருந்தது. வந்த இரத்தம் என் செங்கல் தூளின் இரத்தம். அதற்கு ஒரு பிள்ளையின் வருஷத்தைப் பறிக்கலாமா? இது நடந்திருக்கும் என்றுதான் என் புத்தி சொல்கிறது. உலகத்தில் எல்லாத் தாளும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அப்படி எழுதப் போனால், 'ரெண்டுக்குந்தான் ஐயா' என்று சொன்ன குரல் குறுக்கே வருகிறது.

மூன்றாவதாக, அவள் கண்ணீரோடு பெரிய டாக்டரிடம் ஓடி, அவர் மனமிரங்கி— இல்லை. இதை வெட்டிவிட்டேன்.

7

நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய டாக்டர் திரும்பி வந்தார். தாளைப் பார்த்தார். "ஹரி," என்றார். சரி என்று அர்த்தம். உள்ளபடி எழுதியிருந்தாலும் ஹரிதான், எழுதாவிட்டாலும் ஹரிதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

துணியை எடுத்தாள். வெளிச்சத்தில் செல்லசாமிக்குக் கண் கூசியது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. களைத்த முகம், அவ்வளவுதான். தாளை எடுத்து, அச்சடித்த பக்கத்தைத் தன் பக்கம் வைத்து, அவனிடம் நீட்டினாள்.

"பாத்துக்கங்க ஐயா. ஒங்க வாய். ஒங்களுக்குத் தெரியணும்."

திருப்பினால் போதும். சிவப்பைப் படிக்கப் படிப்பு வேண்டாம்.

செல்லசாமி எழுந்தான். சரி, நான்தான் எழுந்தேன். சிவப்பு இருந்தால் அந்தப் பிள்ளையின் வருஷத்தை நான் தின்றவன் ஆவேன். இல்லாவிட்டால் அவளும் எல்லாரையும் போல ஒருத்தி ஆவாள். ரெண்டில் எதையும் அக்கரப்பத்தனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது.

"பஸ் போயிரும் டாக்டரம்மா," என்றேன்.

"பாக்காமப் போறீங்களே ஐயா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். கதவைத் தாண்டும் வரைக்கும் அவள் கையை மடக்கவில்லை என்று முதுகுக்குத் தெரிந்தது.

இந்தக் கதையில் அவள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். பார்க்க வேண்டும் என்கிறவர்கள் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். சொன்னாலும் நம்ப மாட்டேன். நான் போகிறேன்.