ஏழு முடிச்சு

மூக்கைப் பொத்திவிடக் கூடாது. பொத்தினால் அக்கா பார்த்துவிடுவாள். பார்த்தால், படித்த திமிர் என்று நினைத்துக்கொள்வாள்.

ஜோதிலட்சுமி வாயால் மூச்சு விட்டபடி தகரக் கொட்டகைக்குள் நுழைந்தாள். அறிவழகன் மாமா ஒரு காலத்தில் கருவாடு அடுக்கி வைத்திருந்த இடம். இப்போது வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். கருவாட்டு நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. கடலூர் மீனவக் குப்பத்தில் பிறந்தவள்தான். இது வேறு. மூத்திரமும் ஃபினாயிலும் புளித்த பாலும் கலந்து நாக்கில் வந்து ஒட்டியது.

சிதம்பரத்தில் நாய், பூனைகளுக்கு கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் அவள். மாமா, அக்கா பவானியின் கணவர், நாய்க்குட்டிகளை விற்பவர். பதிவு இல்லாமல் விற்கக் கூடாது என்று அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. ஒரு பெட்டை நாய்க்கு ஆயுளில் ஐந்து ஈற்றுதான். இணை சேர்ப்பதற்கு முன்னால் அதன் உடம்பு தாங்கும் என்று மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் கூப்பிட்டிருந்தார்.

"சட்டம் போட்டவன் எவனாச்சும் நாய்க்குப் பிரசவம் பாத்திருப்பானா, ஜோதி? எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பேப்பர் கேக்கல."

"கேட்டிருந்தா எங்கப்பா பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு" என்றாள் டீயோடு வந்த பவானி.

மாமா சிரித்துக்கொண்டே ரோசியை இழுத்து வந்தார். லாப்ரடார். நடக்க விடாததால் நகங்கள் வளைந்து பாதத்துக்குள் போயிருந்தன. முலைகள் காலிப் பைகளாய்த் தொங்கி சிமெண்டுத் தரையில் உரசின. முழங்கைப் புண்ணில் ஈ. அது ஜோதியைப் பார்த்து வாலாட்டியது. இழுத்து வந்தவரைப் பார்த்தும் ஆட்டியது.

முதலில் எழுந்த அருவருப்பு அந்த நாயின் மேல்தான். தொட வேண்டுமே என்று கை கூசியது. பிறகு, கூசியதற்காக அந்த அருவருப்பு தன் மேலேயே திரும்பியது. இப்போது வீட்டில் மகள் சினேகாவின் மடியில் தூங்கும் குட்டி, இதன் வயிற்றில் பிறந்தது. அவள் பிறந்தநாளுக்கு மாமா சும்மா கொடுத்தார். அன்று ஜோதி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். தாய் எங்கே என்று கேட்கவில்லை. மருத்துவர்தான், இருந்தும் கேட்கவில்லை. குட்டியை முகர்ந்து, பால் வாசனை என்று சிரித்தாள்.

"எத்தனை ஈத்து, மாமா?"

"மூணு. நோட்டுல எழுதியிருக்கேன் பாரு. வயசு நாலு."

பற்களைப் பார்த்தாள். நாலு இல்லை. கழுத்தைத் தடவியபோது ரோமத்துக்குள் விரலில் ஏதோ இடறியது. விலக்கினாள். அழுக்கேறிய வலைநூல், வரிசையாக முடிச்சுகள்.

"இது என்னா?"

"நான்தான் கட்னேன், கண்ணு." பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னாள் பூவம்மாள், மாமாவின் அம்மா. "திஷ்டி படாம இருக்க. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு முடிச்சு. எங்க மாமியா எனக்கும் இப்பிடித்தான் கட்னாங்க. எனக்கு நாலு. இவ என்னிய எப்பவோ தாண்டிட்டா. எண்ணிப் பாரேன்!"

ஜோதிலட்சுமி எண்ணினாள். ஏழு. சந்தேகத்தில் மறுபடியும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். வாயால் மூச்சு விட வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது.

"எம்மா, உன்ன யாரு கேட்டா இப்ப?" மாமா சீறினார். பூவம்மாள் எதற்கென்று புரியாமல் மகனையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாமாவின் குரல் தணிந்தது. "ஜோதி, உங்கிட்ட கத்திரி இருக்குமே. அந்தக் கயித்த அறுத்துடு, போச்சி. அடுத்த வாரம் ஆண் நாயி வருது. இந்த ஒரு தடவதான். அப்பறம் இத விட்டுடுறேன். சத்தியமா."

"போடேன்டி" என்றாள் பவானி. "உன்ன காலேஜில சேக்க கூட வந்து நின்னவரு அவரு. உனக்கு என்னா கொற வெச்சாரு?"

ஒரு குறையும் வைக்கவில்லை. ரோசி அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. கனமாக, சூடாக இருந்தது.

கத்திரி பையில்தான் இருந்தது. அவள் பையைத் திறக்கவில்லை. நூலை ரோமத்துக்கு வெளியே எடுத்து, முடிச்சுகள் தெரியும்படி விட்டாள். கையெழுத்தில்லாத படிவத்தை மாமாவிடம் நீட்டினாள்.

"போட மாட்டேன், மாமா."