குடை பிடித்த மீன்

என் பெயர் மயில்வாகனம். முள்ளியவளையில் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் விடை பூச்சியம்தான் என்று ஊரில் பாதிப்பேருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சொல்லிக் கொடுத்தேனே தவிர, எனக்கு அது விளங்கியிருக்கவில்லை.

ஓய்வுபெற்ற மாதமே லண்டனிலிருந்து என் மனைவியின் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். அதில் எனக்கு ஒரு தூண்டில் தடியும், அக்காவுக்கு ஒரு குடையும் இருந்தன. நீலத் துணியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட குடை. பத்மாசனி அதை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து அலுமாரியில் வைத்தாள். "வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பிடிச்சுக்கொண்டு போக வேணும்" என்றாள். முதல் வருடம் காலில் முள்ளுக் குத்திப் போகவில்லை. குடை அலுமாரியிலேயே இருந்தது. நான் என் தடியை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே நாயாற்றுக் களப்புக்கு மீன் பிடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வருடம் போனேன். நூறு சனிக்கிழமை இருக்கும். பிடித்த மீன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒன்றுகூட இல்லை. ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதும் இல்லை. பாலத்தடியில் இளையதம்பி மீன் விற்பான். அவனிடம் ஒரு கொடுவாவை வாங்கி, தடியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருவேன். பத்மாசனி ஒருநாளும் நம்பவில்லை. ஒருமுறை செவுளுக்குள் ஐஸ் கட்டி இருந்தது. இன்னொரு முறை நான் கவனிக்காமல் குடல் எடுத்த மீனையே கொண்டுவந்து, "இப்பதான் பிடிச்சனான்" என்று சொன்னேன்.

"பாவம், குடலை வீட்டில வைச்சிட்டு வந்து மாட்டிச்சோ?" என்று கேட்டாள்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு மீனாவது நானே பிடித்து, அதை இவள் நம்ப வேண்டும். பென்சன்காரனுக்கு இதற்குமேல் என்ன ஆசை வரும்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குறை என்னிடம் இல்லை, தூண்டிலில்தான் என்று கண்டுபிடித்தேன். யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் விதவிதமாகத் தூண்டில் கட்டிக் காட்டினான். ஒரு ஈயத் தலை. அதிலிருந்து ஐந்து கம்பிகள் விரிகின்றன. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு பொய் மீன். தண்ணீருக்குள் இழுத்தால் ஐந்து குஞ்சு மீன்கள் கூட்டமாக நீந்துவதுபோலத் தெரியும். பெரிய மீன் ஏமாந்து வந்து கவ்வும். அவன் பேசிய இங்கிலிசில் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது ஒரு சொல்தான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: அம்பிரெல்லா.

நான் தலையைத் திருப்பி அலுமாரியைப் பார்த்தேன்.

எட்டுக் கம்பியில் ஐந்தைத்தான் எடுத்தேன் என்று சொல்லி என்னை நியாயப்படுத்த விரும்பவில்லை. பத்மாசனி சங்கக்கடைக்குப் போன நேரம் பார்த்து, குறடோடு கொட்டிலுக்குள் நுழைந்தேன். கம்பி அருமையான கம்பி. நுனியில் துணி தைக்கிற ஓட்டைகூட இருந்தது. தூண்டில் கட்டுவதற்கென்றே வைத்ததுபோல இருக்கிறதே என்று அந்த வெள்ளைக்காரனின் மூளையை மெச்சினேன்.

பிறகு பத்து நாள் கொட்டிலே கதி. ஐந்து கம்பிக்கும் இடையில் எழுபத்திரண்டு பாகை. பாகைமானி வைத்து அளந்தேன். பழைய வலை ஈயத்தை ரின்மீன் வந்த தகரப் பேணியில் உருக்கி, ஈர மணலில் குழி பறித்து ஊற்றி, தலை வார்த்தேன். அது மாங்கொட்டை அளவில் வந்தது. பழைய செருப்பை மீன் வடிவத்தில் ஐந்தாக வெட்டி, முள் கோர்த்து, கிணற்றடித் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். ஐந்தும் மிதந்தன. செருப்பு மிதக்கும் என்பதற்கு விஞ்ஞானம் தேவையில்லை, ஒருமுறை வெள்ளம் வந்த வீட்டில் இருந்தால் போதும். வயிற்றுக்குள் ஆளுக்கொரு ஆணி செருகினேன். நான்கு ஒழுங்காக நின்றன. ஐந்தாவது மல்லாக்கக் கிடந்தது. அதற்கு ஒட்டிய கண்ணும் ஒன்று கழன்றுவிட்டது. பார்த்தால் எனக்கே பரிதாபமாக இருந்தது. ஆனாலும் ஐந்து என்றால் ஐந்து வேண்டுமே, கட்டினேன். கடைசியாக, வால் ஆட வேண்டும் என்று குடைத் துணியில் ஐந்து கீலம் கிழித்து ஒவ்வொன்றுக்கும் வாலாக வைத்தேன். மிச்சக் குடையைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாக்குக்குள் ஒளித்தேன்.

அந்தப் பத்து நாளில் ஒருநாள் பத்மாசனி கொட்டில் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். நான் கண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"கேட்டதோ? திங்களோட சரி, பிறகு இல்லை."

"ஓம், ஓம்" என்றேன். என்ன இல்லை என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய நாயாற்றுக்குப் போனேன். பாலத்தடியில் அன்றைக்கு இளையதம்பியைத் தவிர ஒருவரும் இல்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

"என்ன மாஸ்டர், இண்டைக்கு ஆள் வரமாட்டியள் எண்டெல்லோ நினைச்சன். மீன் எடுத்து வைக்கட்டோ?" என்றான்.

"தேவையில்லை" என்றேன், மிகவும் மிடுக்காக.

முதல் வீச்சில் ஐந்து முள்ளில் இரண்டு என் சேட்டின் முதுகில் ஏறின. இளையதம்பி வந்து கழற்றிவிட்டான். இரண்டாம் வீச்சில் என் ஈயத் தலை, தேங்காய் விழுந்ததுபோலத் தண்ணீரில் விழுந்தது. அக்கரைக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. இளையதம்பி மறுபக்கம் திரும்பிச் சிரித்தான். மூன்றாம் வீச்சில் தடி வளைந்தது.

கல்லில் மாட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். கல் ஓடத் தொடங்கியது.

"அம்மாளே!" என்று நான் போட்ட சத்தத்தில் இளையதம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். நான் இழுக்க, அது இழுக்க, தங்கூசி நூல் கையை அறுத்தது. இரண்டு கம்பி வளைந்துபோனது. கடைசியில் இளையதம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, செவுளில் கைவிட்டுத் தூக்கினான். கொடுவா. நாலு கிலோ தேறும். அது விழுங்கியிருந்தது மல்லாக்கக் கிடந்த அந்த ஒற்றைக்கண்ணனை. தொண்டைக்குக் கீழே போய்விட்டதால் கழற்ற முடியாமல், கம்பி நுனியில் தங்கூசியை அறுத்துவிட்டேன்.

"மாஸ்டர்," என்றான் இளையதம்பி மூச்சு வாங்க, "இது நான் உங்களுக்கு விக்காத மீன்."

எனக்கு அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மீனுக்காக அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

முப்பது கிலோமீற்றரையும் மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டு வந்தேன். படலையைத் திறந்தேன். முற்றம் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. மச்சம் காய்ச்சுகிற சட்டியும் மீன் வெட்டுகிற கத்தியும் குசினியிலிருந்து வெளியேறி வேலியோரம் குந்தியிருந்தன. தலை முழுகிய கூந்தலோடு பத்மாசனி வாசலில் நின்றாள்.

"அங்கேயே நில்லுங்கோ! மச்சத்தோட படலை தாண்டாதேங்கோ!"

அப்போதுதான் உறைத்தது. நேற்றுத் திங்கள். வற்றாப்பளை அம்மனுக்குக் கடலில் தீர்த்தம் எடுத்தாயிற்று. இனி அடுத்த திங்கள் பொங்கல் முடியும்வரை அந்த உப்புத் தண்ணீரில் கோயில் விளக்கு எரியும். ஊரில் மீன் என்று வாயாலும் சொல்லமாட்டார்கள். திங்களோடு சரி, பிறகு இல்லை என்று அவள் சொன்னது இதைத்தான்.

"பத்மா, இது நான் பிடிச்சது. சத்தியமா நான் பிடிச்சது. ஒருக்காத் திரும்பிப் பாருமன்."

"ஓம், வழமையாப் பிடிக்கிறதுதானே. இந்தக் கிழமையிலுமோ அந்த இளையதம்பி விக்கிறான்?" என்று சொல்லிவிட்டு, மீன் கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

தண்ணீரூற்றில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஸுஹைர் என் நண்பன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவனிடம் ஓடினேன். அவன் மீனைப் பார்த்தான், பிறகு என் தூண்டிலைப் பார்த்தான். கம்பியைத் தடவினான்.

"மாஸ்டர், இது குடைக் கம்பியெல்லோ?"

"ஓம். குடைத் தூண்டில்."

அவன் கதிரையில் இருந்து சிரித்தான், எழும்பி நின்றும் சிரித்தான். "குடை எண்டது அதுக்கு வைச்ச பேர், மாஸ்டர். விரிஞ்சு நிக்கிறபடியால் சொல்லுறது. ஆனைக்கொய்யாவுக்குள்ள ஆனையோ இருக்கு? இந்தா, கம்பி என்ர கடையில சுருள் சுருளாத் தொங்குது!"

நான் சுருள்களைப் பார்க்கவில்லை. "மீனை உன்ர ஐஸ்பெட்டியில வை. பொங்கல் முடிய எடுக்கிறன்" என்றேன்.

"துப்புரவாக்கி வைக்கட்டோ?"

"குடல் எடுக்காதை!" என்று கத்தினேன். சூடு கண்ட பூனை நான்.

பொங்கல் திங்களன்று பத்மாசனி அலுமாரியைத் திறந்தாள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கடைசியாகக் குடைக்குக் கை நீட்டினாள். சேலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ர குடையைக் கண்டனீங்களோ?"

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். "போன மாதம் வவுனியா பஸ்ஸில விட்டிட்டன் போல" என்றேன்.

அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வைகாசி வெயிலில், தார் ரோட்டில், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வற்றாப்பளைவரை நடந்தாள். வழியெல்லாம் பெண்டுகள் கலர் கலராகக் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நடந்தேன். கண்ணகி அம்மன் முன்னால் கையெடுத்துக் கும்பிடவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவவும் புருசனால் பட்டவதானே.

புதன்கிழமை ஸுஹைரிடம் மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் குசினிப் பலகையில் வைத்தேன். அது டொங்கென்று விழுந்தது. பத்மாசனி விரலால் தட்டிப் பார்த்தாள். பலகையைத் தட்டியதுபோலக் கேட்டது.

"ஐஸ் மீன்" என்றாள். "இது களப்பில கல்லாத்தான் நீந்திக்கொண்டிருந்ததோ?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. வாங்கிய மீனையெல்லாம் பச்சையாகக் கொண்டுவந்தேன். பிடித்த ஒரே மீனை விறைக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கையடக்கத் தொலைபேசியில் படம் இருந்தது. வாங்கிய மீன்களோடும் நான் படம் எடுத்தவன்தானே. இளையதம்பியைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்றால், போன வருடம் அவனைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்ததும் நான்தான். எந்த உண்மையைப் பொய்யால் பெருக்கினாலும் விடை பூச்சியம்தான்.

மீன் இளகும்வரை குசினிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றேன். அவள் செதில் உரித்தாள். கத்தியை வயிற்றில் வைக்கப் போனபோது எனக்குச் சுரீரென்றது. ஒற்றைக்கண்ணன் உள்ளே இருக்கிறான். அவனுடைய வால் நீலத் துணி, வெள்ளைப் பூ.

கள்ள மனம் துள்ளும் என்பார்கள். "விடும், விடும், நான் வெட்டித் தாறன்" என்று கத்தியை வாங்கிவிட்டேன்.

வாங்கியபின் கணக்குப் போட்டேன். நான் வெட்டினால் ஒற்றைக்கண்ணனைச் சத்தமில்லாமல் எடுத்து வேலிக்கு வெளியே எறிந்துவிடலாம். குடை வவுனியா பஸ்ஸிலேயே இருக்கும். ஆனால் மீன் இளையதம்பியின் மீனாகவே இருக்கும், நான் சாகும்வரை. அவள் வெட்டினால் மீன் என்னுடையது. குடையும் என்னுடைய கணக்கில்தான் ஏறும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அவள் தலையில் சேலைத் தலைப்போடு நடந்துபோன அந்தத் தார் ரோட்டு ஞாபகம் வந்தது.

கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். "நீரே வெட்டும்" என்றேன்.

வெட்டினாள். குடலோடு சேர்ந்து முதலில் செருப்புத் துண்டு வந்தது. பிறகு அந்தக் கீலம். அவள் அதைக் கிள்ளி எடுத்து, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் விரித்து வைத்தாள். நான் சுவரில் கிடந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மிச்சம் எங்க?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னால."

"பஸ்ஸில எண்டனீங்கள்."

"பொய் சொன்னனான்."

அவள் கீலத்தைப் பலகையோரம் வைத்தாள். பிறகு மீனைத் திருப்பி, அதன் வாயைப் பிளந்து, முள் கிழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப இது நீங்கள் பிடிச்சதுதான்" என்றாள்.

"ஓம்" என்றேன். 

குழம்பு வைத்தாள். தலைத் துண்டை எனக்குப் போட்டாள்.  தப்பிவிட்டேன் என்று நினைத்துக் கை கழுவினேன். திரும்பினால் அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் அந்தச் சாக்கு.

"ஸுஹைர் தம்பியின்ர கடைக்கு வாங்கோ, அங்க குடையும் விக்கினம். புதுக் குடை வேணும். வெயிலாக் கிடக்கு, இதைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

சாக்குக்குள்ளிருந்து எடுத்தேன். மூன்று கம்பி, பாதித் துணி. விரித்தேன். ஒரு பக்கம் நிமிர்ந்தது, மறுபக்கம் செத்த காகத்தின் சிறகுபோலத் தொங்கியது.

"இதையோ? ரோட்டில ஆக்கள் பாப்பினம், பத்மா."

"மீன் பிடிக்கத் தெரிஞ்ச மனுசனுக்குக் குடை பிடிக்கத் தெரியாதோ?"

பிடித்தேன். உச்சி வெயிலில் முள்ளியவளை ரோட்டில், அவள் தலைக்கு மேலே அந்த எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நிழல் அவளுடைய ஒரு காதில் மட்டும் விழுந்தது. என்னிடம் படித்தவர்கள் சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். சங்கக்கடை வாசலில் பத்துப் பேருக்குமேல் நின்றார்கள். அழகம்மா மாமி வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன பிள்ளை, மாஸ்டருக்கு என்ன நடந்தது? இதென்ன குடை?" என்று கேட்டா.

பத்மாசனி நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அது மாமி, இவர் மீன் பிடிச்சவர். நாலு கிலோ கொடுவா. தானே பிடிச்சவர்."

நான் குடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.