அடகுச் செருப்பு

மின்விசிறி மெக்கானிக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். கூடத்தில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். அவளுடைய வலது செருப்பு கிடைத்தே ஆக வேண்டும் என்று விடிந்ததிலிருந்து அவர் பிடிவாதமாக நின்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் சேலையும் கண்ணாடியும் இடது செருப்பும்தான் இருந்தன.

"ஆம்புலன்ஸ்ல விழுந்திருக்கும். எழுந்திரிங்க அத்தான்," என்றாள் மைத்துனி.

"நான் மூலைக்கொண்ணா கழட்டிப் போட்டதைக்கூட ஜோடி சேர்த்து வைப்பாளே. அவளோடத ஒத்தையா வச்சு அனுப்பச் சொல்றியா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்து நிர்வாகி வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. மனைவி அங்கேதான் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு எறும்புகிட்ட இருக்கு சார். நேத்து நெஞ்சு வலின்னு ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினப்போ அவங்களே கழட்டிக் குடுத்தாங்க."

எறும்பு என்பது மனைவி வைத்த பெயர். மூன்று வயதுப் பெண். 'இதோ வர்றேன்' என்று போன அவள் அம்மா திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோனது. யாராவது அறையை விட்டு நகர்ந்தால் மூச்சடைக்க அழுவாள். மனைவி சாப்பிடப் போகும்போதெல்லாம் ஒரு செருப்பை அவளிடம் அடகு வைத்துவிட்டு, "இது இல்லாம நான் எங்கடி போயிடுவேன்?" என்று நொண்டிக்கொண்டே போவாள். சொன்னபடி திரும்பி வருவாள். எறும்பு முதலில் சாப்பிட ஆரம்பித்தாள், அப்புறம் விளையாட. ஒருநாள் "அத்தே" என்றாள். அன்றைக்கு மனைவி வீட்டில் சமைக்கவே இல்லை, அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டி விடுறது யார் வேணா செய்வாங்க. போனவங்க வருவாங்கன்னு நம்ப வைக்கணும். பாட்டு, படிப்பெல்லாம் அதுக்கப்புறம்தான்," என்பாள். பிள்ளைகள் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் இதே நிர்வாகியிடம் அதற்காக அவள் மல்லுக்கு நின்றதும் உண்டு.

"ராத்திரி சாப்பிடலைன்னு அவ அப்பா போன் பண்ணார். 'செருப்பு உன்கிட்டதானே இருக்கு, அத்தை வந்துருவாங்க'ன்னு சொல்லச் சொன்னேன்," என்றார் நிர்வாகி.

மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் நிர்வாகி அம்மாவும் அழுதுகொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் எறும்பின் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூரியர் வேலை, சீருடையைக்கூட மாற்றவில்லை. செருப்பு பிள்ளையின் நெஞ்சோடு இருந்தது.

"தூங்குறாங்க, எழுந்து வருவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க சொன்னா நம்புவா."

மெக்கானிக் அவள் முன்னால் குந்தினார். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் இந்தப் பிள்ளையிடம் மனைவி ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"அத்தை செத்துப்போயிட்டாங்கம்மா. இனிமே வர மாட்டாங்க."

எறும்பு அவரைப் பார்த்தாள். இந்தப் பெரிய மனுஷனுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதுபோல் செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எங்கிட்ட இருக்கே."

செருப்பைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

வண்டி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். வாசற்படியைத் தாண்டும்போது துணி விலகி, வெறுங்கால்கள் எறும்பின் கண்ணுக்கு நேராகப் போயின. அவள் கால்களைப் பார்த்தாள், கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். அழவில்லை.

"செருப்புப் போடாமயே போறாங்க," என்றாள் அப்பாவிடம். மெக்கானிக் வண்டியில் ஏறினார். கதவைச் சாத்தினார்கள்.

எல்லாம் முடிந்து அவர் வீடு திரும்பியபோது சாயங்காலம். வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். வாசலில் சுவரோரமாக வலது செருப்பு கிடந்தது.

"அந்தப் பிள்ளையே வச்சுட்டுப் போனா அத்தான்," என்றாள் மைத்துனி. "அவங்கப்பா தூக்க வந்தார். அவ கையை நீட்டவே இல்ல."

"தண்ணி குடிச்சாளா?"

"இல்ல."

அவர் உள்ளே போய் இடது செருப்பை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். கொஞ்சம் கோணலாக இருந்தது. குனிந்து சரிசெய்தார்.