மதிய உணவின்போது குளிர்ந்த மோட்டார்

துலூஸ் நகருக்குத் தெற்கே மொந்த்ரெபூ கிராமத்தில், கஸ்தான்யேத் பட்டறையின் விமான மோட்டார் பதினோரு ஆண்டுகள் தரையிலிருந்து ஆறடி உயரத்தில், எதிலும் தொங்காமல், சற்றே இடப்பக்கம் சாய்ந்து நின்றது. எடை நானூற்று இருபது கிலோ. குடும்பத்தார் செய்த தவறு என்று ஊரில் சொல்வார்கள். தவறல்ல, ஒழுங்கு. நான்கு தலைமுறையாக அந்தப் பட்டறையில் பகல் பன்னிரண்டு அடித்தால் இரண்டு மணிவரை எவரும் கருவியைத் தொட்டதில்லை, போர்க்காலத்திலும் தொட்டதில்லை.

அது அப்படி நிற்கத் தொடங்கிய அன்று இசிதோர் கஸ்தான்யேத்தும் மகள் ஒதிலும் அந்த மீக்கடத்தி மோட்டாரைச் சங்கிலியில் தூக்கி, விமானத்தின் மூக்கில் பொருத்த இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடுங்குளிரில் அதன் சுருள்களில் மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடும். அதற்கான குளிர்வாயுக் குழாயும் திறந்திருந்தது. பாதி இறக்கியபோது மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கைகழுவிவிட்டு வாத்துக்கறி சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது மோட்டார் சுழியத்துக்குக் கீழே இருநூற்றைம்பது பாகைக்குக் குளிர்ந்து, குளிர்ந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. சங்கிலியைக் கழற்றினார்கள், விழவில்லை. குழாயைப் பிடுங்கினார்கள், சூடேறவில்லை. டிராக்டர் கட்டி இழுத்தார்கள்.

“டிராக்டர் அச்சு முறிஞ்சதுதான் மிச்சம் முதலாளி,” என்றான் மெக்கானிக் ஃபெர்னான். “உங்க வீட்டுப் பிடிவாதம் இந்த மோட்டாருக்கும் வந்துடுச்சு.”

“வாயை மூடிட்டு வேற டிராக்டர் கொண்டா.”

அந்த மோட்டார் பறக்கும் என்று விமானத் துறைக்கு இசிதோர் கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கில் அக்குடும்பம் தவறியதில்லை. அது பறக்கும்வரை வாசலில் பெயர் வேண்டாம் என்று அங்கிருந்த பித்தளைப் பெயர்த் தகட்டைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். துறை பத்து முறை தவணை நீட்டியது. அவர் பதினான்கு டிராக்டர்களையும் தம் பொறுமையையும் இழந்தார். கடைசித் தவணையில் ஒதில் சொன்னாள்: “மோட்டார் விமானத்துக்கு வராதுப்பா. விமானத்தை மோட்டாருக்குக் கொண்டு வருவோம்.” மோட்டாரைச் சுற்றியே விமானத்தைக் கட்டினார்கள், அதுவும் இடப்பக்கம் சாய்ந்தபடி.

விமானத்தைச் சோதிக்கத் துறை அதிகாரி மதாம் ரூக்கெத் காலை ஒன்பதுக்கு வந்தார். ஒதில் விசையைத் தள்ளினாள். சுழலி சத்தமில்லாமல் சுழன்றது, விமானம் அசையவில்லை. இசிதோர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாசலிலிருந்து ஃபெர்னான் கத்தினான்: “முதலாளி, ஆறு போகுது!”

“ஆறுன்னா போகத்தான்டா செய்யும்!”

“இல்ல முதலாளி, நமக்குக் கீழே போகுது.”

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், மாதா கோயில், கோழிகளுடன் மொந்த்ரெபூ தென்கிழக்கே பறந்துகொண்டிருந்தது. மதாம் ரூக்கெத் சுழலிக்கும் சுவருக்கும் இடையே நாடா பிடித்து அளந்தார். விமானம் விரற்கடை கூட நகரவில்லை. ‘பறக்கவில்லை’ என்று எழுதினார்.

“ஊரே பறக்குதேம்மா!” என்று இசிதோர் மேசையில் அறைந்தார்.

“நான் விமானத்தைப் பார்க்க வந்தவ, மொசியூ. ஊருக்கு என்கிட்ட படிவம் இல்ல.”

பன்னிரண்டு அடித்தது. கடைசி மணிக்குள் ஒதில் விசையை இழுத்து நிறுத்தினாள். கிராமம் உப்பளங்களுக்கு நடுவே கடலோரம் இறங்கியது. அனைவரும் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்கு மேல் ஊர் தன் இடத்துக்குத் திரும்பியது. மாலையில் இசிதோர் பித்தளைத் தகட்டை எடுத்துப் போய், பட்டறை வாசலைத் தாண்டி நடந்து, ஊர் எல்லையில் மொந்த்ரெபூ என்ற பலகைக்குக் கீழே அறைந்தார்: ‘தயாரிப்பு, கஸ்தான்யேத்.’ அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஊர் சாப்பிடக் கடலோரம் போகும் வியாழக்கிழமைகளில் தபால்காரர் கடற்கரை வழியாக வருகிறார்.