தர்கூமியாவில் ஆறு மணி

யோத்தம் நான்கரைக்கு எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். துக்கம் காத்த ஒரு வாரமும் குளியலறைக் கண்ணாடியை மறைத்திருந்த விரிப்பை நேற்று மாமியார் எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் முகம் தெரிந்தது. தாடியை இப்போதைக்குத் தொடக் கூடாது. காப்பியை நின்றுகொண்டே குடித்தான். கோப்பையைக் கழுவினான். விளக்கை அணைத்தான்.

கார் மனைவி அயாலாவுடையது. பின்சீட்டில் குழந்தை இருக்கை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருக்கையின் மடிப்புகளில் எள் பிஸ்கட் தூள். நாளை இரவு பெசாக், ரொட்டித் தூள்கூட இருக்கக் கூடாத யூதப் பண்டிகை. தெருவில் எல்லோரும் காரைக்கூடத் தூள் இல்லாமல் துடைத்துவிட்டார்கள். யோத்தம் துடைக்கவில்லை.

முன்பலகையில் கடிகாரம் 4:12 என்றது. கைப்பேசி 5:12 என்றது. கோடைக்காக நாடே மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, அவள் காரில் மாற்றவில்லை. இதிலெல்லாம் அவளுக்குச் சோம்பல். பொத்தானை இரண்டு முறை அழுத்திச் சரிசெய்தான். இந்தப் பத்து நாளில் அவன் சரிசெய்த முதல் பொருள் அதுதான்.

அயாலாவின் துக்க வீட்டின் கடைசி நாளில்தான் ருஹாமா கேட்டாள். எல்லைச் சாவடியிலிருந்து பாலஸ்தீனக் குழந்தைகளை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போகும் குழுவுக்கு அவள்தான் அட்டவணை போடுகிறவள். "செவ்வாய்க்கிழமை அயாலாவோட முறை. பண்டிகை நேரம், ஒருத்தரும் கிடைக்கல. உன்கிட்ட கேக்கறது தப்புதான், யோத்தி." அவன் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டினோம் என்பது ருஹாமா போன பிறகுதான் புரிந்தது.

நேற்று மாலை அயாலாவின் கைப்பேசி அடித்தது. ஃபவாஸ். இன்று ஏற்றிப்போக வேண்டிய சிறுமியின் அப்பா. சாவடிக்கு அந்தப் பக்கம் இத்னா ஊர்க்காரர். பல வருடம் இஸ்ரேலில், ரெஹோவோத்தில் டைல்ஸ் வேலை பார்த்தவர், எபிரேயம் நன்றாகப் பேசுவார்.

"எத்தனை மணிக்கு வரணும்?"

"ஆறு."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு.

சிறுமி ரீமாஸுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். இன்று முதுகுத்தண்டில் ஊசி, மயக்க மருந்து கொடுத்து. வரிசையில் அவள்தான் முதல், எட்டு மணிக்கு. இன்று மாலையோடு சாவடியை மூடுகிறார்கள், பண்டிகை முடிந்துதான் திறப்பார்கள். மயக்க மருந்து மருத்துவரும் அதற்கப்புறம்தான் வருவார். இந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்று ருஹாமா மூன்று முறை சொல்லியிருந்தாள்.

ஐந்து நாற்பத்தைந்துக்குத் தர்கூமியா சாவடிக்கு வந்து சேர்ந்தான். வேலைக்குப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கடந்துபோயிருந்தார்கள். சுழல்கதவு வழியாக ஒவ்வொருவராக, கையில் பிளாஸ்டிக் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். ரம்ஜான் நோன்பு மாதம், பைகள் மெலிந்திருந்தன.

ஆறு. யாரும் வரவில்லை.

ஆறு ஐந்து. ஃபவாஸை அழைத்தான். கைப்பேசி அணைந்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.

ஆறு பத்து. மறுபடி அழைத்தான். அதே குரல், முதலில் அரபியில், பிறகு ஆங்கிலத்தில்.

காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினான். "இங்க நிறுத்தக் கூடாது."

"ஒரு குழந்தை வருது. மருத்துவமனைக்கு."

"அந்தப் பொம்பளதான எப்பவும் வரும்?"

"ஆமா."

"லீவா?"

யோத்தம் சுழல்கதவைப் பார்த்தான். காவலாளி தோளைக் குலுக்கிவிட்டு, "இன்னும் இருபதடி தள்ளி நிறுத்து" என்றான். தள்ளி நிறுத்தினான். அங்கிருந்து சுழல்கதவு சரியாகத் தெரியவில்லை. இறங்கி நின்றான். கை வேர்த்திருந்தது. பத்து நாளாக உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை, இப்போது வேர்த்தது.

உள்ளே நிறுத்தி வைத்திருப்பார்களோ. அனுமதிச் சீட்டில் பெயர் தப்பாக இருக்குமோ. குழந்தைக்கு இரவு காய்ச்சல் வந்திருந்தால். இத்னாவிலிருந்து வரும் பாதையை அடைத்திருந்தால். அயாலா இருந்தால் யாரைக் கேட்டிருப்பாள்? அவளிடம் பத்து எண்கள் இருந்திருக்கும், பூட்டிய கைப்பேசிக்குள். அவனிடம் ஒன்றுதான், அதுவும் அணைந்திருந்தது.

ஆறரைக்கு ருஹாமா அழைத்தாள்.

"வந்தாங்களா?"

"இல்ல."

"அய்யோ." சற்று நேரம் எதையோ புரட்டும் சத்தம். "கேளு கண்ணா. மேதார் சாவடியில ஒரு அம்மா டயாலிசிஸுக்கு நிக்கறாங்க, அவங்க ஓட்டுநர் கார் ரிப்பேர். பத்து நிமிஷம் பாரு. வரலன்னா அங்க போ. ஒருத்தராவது போய்ச் சேரட்டும்."

"அப்ப இந்தக் குழந்தை?"

"உள்ள நிறுத்திட்டாங்கன்னா நாம ஒண்ணும் பண்ண முடியாது, யோத்தி. எனக்கு மட்டும் ஆசையா?"

பத்து நிமிடம் பார்த்தான். காரில் ஏறினான். இயந்திரத்தை முடுக்கினான். கடிகாரம் 6:42.

பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நரைமீசைக்காரர், சுண்ணாம்பு படிந்த செருப்பு. "தம்பி, கிரியாத் காத் போறியா? என் முதலாளி வண்டி போயிடுச்சு."

"மேதார் போறேன்."

"அது எதிர்த்திசை. இன்னிக்கு எல்லாமே எனக்கு எதிர்த்திசைதான்." கையை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சே முக்கால் ஆகல, அதுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டான்."

யோத்தம் அந்தக் கையைப் பார்த்தான். பழைய கடிகாரம். முள் ஐந்தே முக்காலுக்கு இரண்டு நிமிடம் முன்னால் இருந்தது.

"உங்க கடிகாரம் தப்பு."

"தப்பில்ல தம்பி, இது எங்க ஊர் மணி. உங்க ஆளுங்க மணியத் தள்ளிட்டாங்க. எங்க ஆளுங்க நோன்பு முடியட்டும்னு விட்டுவெச்சிருக்காங்க. நடுவுல மாட்டினது யாரு? இதோ, நான். அவன் அஞ்சேமுக்காலுக்கு வான்னான், எவன் அஞ்சேமுக்கால்னு நான் கேட்டேனா?"

யோத்தம் இயந்திரத்தை அணைத்தான். ருஹாமாவை அழைத்தான். "நான் போகல. வேற யாரையாவது மேதாருக்கு அனுப்பு. அவங்க இன்னும் வரவேண்டிய நேரமே ஆகல."

"என்னடா சொல்ற?"

"நான் ஆறுன்னேன். யாரோட ஆறுன்னு சொல்லல."

மறுமுனையில் ருஹாமா மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது அவனைத் திட்டியது அல்ல.

ஆறு ஐம்பத்தைந்துக்கு சுழல்கதவு ஒரு சிறிய ரோஜா நிறச் சட்டையைத் தள்ளியது. பின்னாலேயே ஃபவாஸ், கையில் மருத்துவக் காகிதங்கள். ரீமாஸின் தலையில் முடி இல்லை, அணில் காது வைத்த தொப்பி. அவள் காரைப் பார்த்து ஓடிவந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்" என்றார் ஃபவாஸ். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"இங்க ஏழு மணி."

ஃபவாஸ் தன் கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கி இருக்கையில் வைத்துப் பட்டையை மாட்டினார். இரண்டு முறை தவறியது. கார் சாலைக்கு வந்த பிறகுதான் பேசினார். "விடியற்காலைச் சாப்பாடு முடிச்சுட்டு, போன அணைச்சுட்டு ஒரு மணி நேரம் படுத்தேன். அயாலா எங்க மணியிலதான் சொல்லுவாங்க. போன வருஷமும். நானும் அதே நெனப்புல..."

"தப்பு என்னோடது."

"எட்டுக்குள்ள முடியுமா?"

"முடியாது."

யோத்தம் ஏற்றிக்கொண்ட நரைமீசைக்காரர் முன்சீட்டில் இருந்தார். கிரியாத் காத் வழியில்தான் இருந்தது. சந்திப்பில் இறங்கும்போது, "அல்லா லேசாக்கட்டும்" என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் எண் சாலையில் பிரேக் விளக்குகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவந்திருந்தன. யோத்தம் வார்டை அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டான். தலைமைச் செவிலி, ரஷ்ய உச்சரிப்பு.

"எட்டுன்னா எட்டு. இன்னிக்கு ஏழு குழந்தைங்க இருக்காங்க."

"அவள ரெண்டாவதா போடுங்க."

"ரெண்டாவது குழந்தையோட அம்மாகிட்ட நீங்க பேசறீங்களா? நீங்க யாரு முதல்ல?"

"அயாலாவோட வீட்டுக்காரன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். "எட்டே முக்கால்" என்றாள். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. குழந்தை எதுவும் சாப்பிடலயே?"

"நான் நோன்பு" என்றாள் ரீமாஸ் பின்னாலிருந்து அரபியில். "அப்பாவும் நோன்பு. அயாலா மட்டும் பிஸ்கட் தின்னும். அயாலா எங்க?"

இரண்டு ஆண்களும் சாலையைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரிந்த கொஞ்ச அரபியில் அதற்கு வார்த்தை இல்லை. ஃபவாஸ் மெல்ல ஏதோ சொன்னார். அவள் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டாள்.

எட்டு இருபது. எட்டரை. ஒரு லாரியைத் தவறான பக்கம் முந்தினான். ஃபவாஸ் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றினார், வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எட்டு நாற்பத்தொன்றுக்கு மருத்துவமனை வாசல். காரை ஆம்புலன்ஸ் பாதையில் விட்டுவிட்டுக் குழந்தையை யோத்தம்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். ஃபவாஸ் காகிதங்களோடு பின்னால் ஓடினார். அவளுக்கு எடையே இல்லை. அவன் தாடி உரசியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவிலி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கடிகாரத்தைக் காட்டினாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள். கதவு மூடியது.

அவன் காரை எடுத்து ஒழுங்காக நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான். தாழ்வாரத்து நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஃபவாஸ் காகிதங்களை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ருஹாமா எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பினாங்க" என்றார் ஃபவாஸ். "அயாலா கடைசியா, 'இந்தப் பாதைய மூட விட்டுடாதீங்க'ன்னு சொன்னாங்களாம். வீட்டுல படிச்சுக் காட்டினேன். என் சம்சாரம் அழுதுட்டா."

"அப்படிச் சொல்லல."

"சொல்லலயா?"

"மத்தியானம் பள்ளிக்கூடத்துல, பாடம் நடத்தறப்ப விழுந்தா. அப்புறம் பேசவே இல்ல. என்கிட்ட கடைசியாப் பேசினது அன்னிக்குக் காலையில, ரயில் நிலையத்துல என்ன எறக்கிவிட்டப்ப."

ஃபவாஸ் அவன் பக்கம் திரும்பினார்.

யோத்தம் மூடிய கதவைப் பார்த்தபடி சொன்னான், அன்று ரயில் அவசரத்தில் காதில் சரியாக ஏறாததை. ஒரு கால் காருக்கு வெளியே இருந்தது. கடிகாரம் தப்பாக ஓடுகிறதே என்று பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான். அவள் அவன் புறங்கையில் தட்டினாள்.

"அதத் தொடாத, அது ரீமாஸ் வீட்டு மணி. வரும்போது முட்டை வாங்கிட்டு வா."